பட்டாணித் தொட்டியும் கொல்லாமை விரதமும்



உலகினர்க்கு உழவு முதலிய அறுதொழில்களைக் கற்பித்தவர் ஆதிபகவனாகிய விருஷப தேவர் என்பது சமண மரபு. ஆயினும், மண்ணைக் கிளறினால் சிற்றுயிர்கள் மாயுமே, வீட்டில் செடி வளர்ப்பது விரதம் காக்கும் இல்லறத்தார்க்குத் தகுமா என்னும் ஐயம் பல குடும்பங்களில் எழுகிறது. அவ்வையத்தைத் தெளிவிக்க ஒரு தொட்டிப் பட்டாணி போதும்.

சமண ஆசாரியர்கள் இம்சையை நான்காகப் பகுத்துரைத்தனர். வீட்டு வேலைகளில் தவிர்க்க இயலாது நேர்வது ஆரம்ப இம்சை. பிழைப்புக்கான தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பின்போது நேர்வது விரோத இம்சை. கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கற்ப இம்சை. இறுதியில் கூறியதை இல்லறத்தார் அறவே நீக்க வேண்டும். ஏனைய மூன்றையும் விழிப்பினால் குறைத்துக்கொள்ள வேண்டும். தொட்டியில் விதை ஊன்றுவது ஆரம்பத்தின்பாற்படும். செடியில் புழுவைக் கண்டவுடன் பூச்சிக்கொல்லி தெளிப்பதோ சங்கற்பமாகிவிடும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லையைக் காப்பதே வீட்டுத் தோட்டத்தாரின் கடமை.

கடையில் வாங்கும் காயில் இத்தொல்லை இல்லையே எனலாம். அக்காய் விளைந்த வயலில் தெளித்த மருந்தும் மடிந்த உயிர்களும் வாங்குவோர் கண்ணில் படவில்லை, அவ்வளவே. தன் கையால் வளர்ப்பவர்க்கு உயிர்கள் கண்ணெதிரே நிற்கின்றன. காக்கும் வாய்ப்பும் அவர் கையில் இருக்கிறது.

பட்டாணி குளிர்ச்சியை விரும்பும் பயிர். தமிழகத்தில் நீலகிரியும் கொடைக்கானலும் அதற்குப் பெயர் பெற்றவை. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் உள்ள வாழவந்தி நாட்டின் குளிர்காலமும் அதற்கு இசைவானதே. சாமையும் கேழ்வரகும் விளைவித்து, மறு ஆண்டுக்கான விதையை வீட்டிலேயே பேணிவந்த மலைமக்களின் நிலம் அது. அத்தகைய ஊரின் வீட்டு முற்றத்தில், பெருமழை தணிந்த கார்த்திகைப் பிற்பகுதியில் விதைத்தால், மார்கழி, தைக் குளிரில் செடி வளர்ந்து பூக்கும். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் போன்ற சமவெளி ஊர்களிலும் அதே பருவத்தில் முயலலாம். விளைச்சல் குறைவாகவே இருக்கும். வெப்பம் 30 பாகையைத் தாண்டினால் பூக்கள் உதிரத் தொடங்கும். அவ்வூரார்க்கு அவரையே ஏற்றது. தொட்டி, மண், எரு பற்றி இங்குக் கூறுவன அவரைக்கும் பொருந்தும்.

தொட்டி ஓரடி ஆழமேனும் இருத்தல் வேண்டும். அடியில் நீர் வடியும் துளைகள் தேவை. செம்மண், நன்கு மக்கிய இலை எரு, தென்னைநார்க் கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புக. விதையை ஓரிரவு ஊறவைத்து, ஓரங்குல ஆழத்தில், இரண்டங்குல இடைவெளியில் ஊன்றுக. நாற்றாக வளர்த்துப் பிடுங்கி நடுவதை இச்செடியின் வேர் தாங்காது. பத்து நாளுக்குள் முளை தோன்றும். பற்றுக்கம்பிகள் சுற்றி ஏறுவதற்கு மூங்கில் குச்சியும் சணல் கயிறும் கட்டித்தருக. காலையில் இலைமேல் படாமல் வேரடியில் நீர் விடுக. செடிகளுக்கிடையே காற்றோட்டமும் இருந்தால் சாம்பல் நோய் பெரிதும் குறையும்.

எரு இடுவதில் சமணக் குடும்பத்தார்க்குத் தனி எச்சரிக்கை தேவை. இயற்கை உரம் என விற்கப்படுவனவற்றுள் எலும்புத் தூள் உண்டு; மீன் அமிலம் உண்டு; முட்டையில் செய்த கரைசலும் உண்டு. பஞ்சகவ்யம் செய்யும் முறைகள் சிலவற்றில் கள்ளும் சேர்க்கின்றனர். வாயிற்படியில் தடுத்து நிறுத்திய ஊனும் கள்ளும் பூந்தொட்டி வழியே வீட்டினுள் புகுதல் ஆகாது. உறையில் அச்சிட்ட உட்பொருள்களைப் படித்த பின்னரே வாங்குக. பட்டாணிக்கு அவை தேவையும் இல்லை. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கித் தருகிறது. இலை எருவும் ஒரு பிடி விறகுச் சாம்பலும் போதும்.

பூச்சிகளைப் பற்றிய கவலைக்கும் வழி உண்டு. வேப்பெண்ணெய் தீங்கற்றது எனப் பலர் கருதுகின்றனர். அது பூச்சிகளை விரட்டுவதோடு, புழுக்கள் தோலுரித்து வளர்வதையும் தடுத்து மாய்க்கிறது. ஆதலின் கொல்வதற்கு மாற்று, வருமுன் தடுப்பதே. முளை விட்ட நாள் முதல் தொட்டியை மெல்லிய வலையால் மூடினால் அந்துப்பூச்சி முட்டையிட இடமிராது. வலையிட்டால் காய்க்குமா என்று அஞ்ச வேண்டியதில்லை. பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. 1856 முதல் 1863 வரை பட்டாணியை ஆய்ந்த கிரிகோர் மெண்டல் என்னும் ஐரோப்பியத் துறவி, பூச்சிகளால் கலப்பு நேர்கிறதா என அறியச் சில செடிகளைத் தொட்டியில் வளர்த்துப் பூக்கும் பருவத்தில் கண்ணாடி வீட்டினுள் வைத்து ஒப்பிட்டார். பரம்பரையியலுக்கு அடிப்படையான அவரது கட்டுரை 1866இல் வெளிவந்தது.

அவ்வளவும் செய்து ஒரு காயில் துளை காணப்பட்டால், அதைப் பிளக்காமல் கிள்ளி, வேலியோரச் செடிகளிடையே வைத்துவிடுக. ஒரு காயை இழப்பதால் குடும்பம் வறுமையுறாது.

இரண்டு இரண்டரை மாதங்களில் காய் பறிக்கலாம். கிழங்கை அகழ்வது போல் செடியை அழிக்காமல், அது உயிரோடிருக்கையிலேயே காயை மட்டும் கொள்கிறோம். பறித்தவற்றைப் பகலொளியில் ஒவ்வொன்றாக உரித்துப் பார்த்துச் சமைத்து, கதிரவன் மறையுமுன் உண்க. பட்டாணி இரு பருப்பாகப் பிளவுபடுவது. காய்ச்சாத பாலில் உறைந்த தயிரோடு அதைச் சேர்ப்பதில்லை என்னும் நியமமுடைய குடும்பங்கள் அதனையும் நினைவிற் கொள்க. காய்ப்பு ஓய்ந்தபின் செடியைப் பிடுங்காமல் மண்மட்டத்தில் அறுத்து விடுக. வேர் மண்ணிலேயே மக்கி எருவாகும். மண்ணைக் கிளறும் இம்சையும் குறையும்.

கொல்லாமையைச் சொல்லால் மட்டும் கேட்டு வளரும் பிள்ளைக்கு அது பாடமாகவே நின்றுவிடக்கூடும். துளையுள்ள காயைத் தன் கையால் வேலியோரம் வைத்துவரும் பிள்ளைக்கு அது பழக்கமாகிறது. வரும் கார்த்திகையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தொட்டி வைக்கப்படுவதாக. அதனைக் காக்கும் பொறுப்பு அவ்வீட்டின் இளைய கைகளிடம் தரப்படுவதாக.

கொல்லாமை ஓங்குக! ஜினதருமம் வாழ்க!