பொன்னாடையும் பெட்ரோல் காசும்

(நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் இயல்பு கெடாமல் சற்றே திருத்தப்பட்டது.)

இங்கே பிரிட்டனில் இப்போது மாலை. டொரன்டோவில் மதியம், சிட்னியில் இன்னும் விடிந்திருக்காது. நேரம் ஒதுக்கி வந்த எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஷிப்ட் முடித்து ஆறு மணி நேரம் தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். நடுவில் தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சிறுகதையைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் அழைத்தார்கள். நான் வேறொன்றைப் பேசட்டுமா என்று கேட்டேன். நம் ஊர்களில் இருக்கும் கலைஞர்களுக்கும் பாடகர் குழுக்களுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, நாம் எதையெல்லாம் பகிர்ந்துகொள்ளலாம் என்பதைப் பற்றி. இலக்கிய மேடையில் என்ன கணக்கு வழக்கு என்று சிலருக்குத் தோன்றலாம். ஒரு போன் அழைப்பிலிருந்து தொடங்குகிறேன்.

நான் நாகர்கோவில் பக்கம். சிறு வயதிலிருந்தே சபைப் பாடகர் குழுவில் ஆல்டோ. நர்சிங் டிப்ளமோ முடித்து, வேலை கிடைத்து, கடைசியில் தெற்கு வேல்ஸில் ஒரு சிறிய ஊரில் வந்து நின்றேன். அங்கே தமிழர்கள் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருக்கிறோம். பதினான்கு பேர். நர்சுகள், டாக்சி ஓட்டுநர்கள், ஒரு டாக்டர், இரண்டு மாணவர்கள். எங்களுக்கு மிருதங்கம் வாசிப்பவர் யாழ்ப்பாணத்துத் தம்பி. அவர் இந்து. ஆனால் ஆறு வருடமாக எங்கள் கிறிஸ்துமஸ் பாடல்கள் எதுவும் அவர் இல்லாமல் நடந்ததில்லை.

ஒரு நவம்பரில் தொடர்ந்து இரண்டு ஒத்திகைக்கு அவர் வரவில்லை. எனக்குக் கோபம். வார்டில் பேசுகிற தொனியிலேயே போனில் பேசிவிட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: "கோவிக்காதேங்கோ அக்கா. சனிக்கிழமை பின்னேரம்தான் எனக்கு உழைப்பு. ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஒரு ஷிப்டை விட்டிட்டு, சொந்தப் பெட்ரோலில வாறன். இப்ப வலந்தலைத் தோலும் கிழிஞ்சு போச்சு."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் சொன்னது இது: "ஆண்டவருக்குச் செய்யுற ஊழியம்தானே தம்பி."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சொன்னார்: "உங்கட ஆண்டவர் என்னட்டக் கணக்குக் கேட்கேல்ல அக்கா. வீட்டுக்காரர்தான் கேட்கிறார்."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடத்தில் அவருக்கு நாங்கள் கொடுத்தது என்ன என்று எண்ணிப் பார்த்தேன். இரண்டு பொன்னாடை. ஒரு கேடயம். பிரியாணிப் பொட்டலங்கள். அவ்வளவுதான்.

இதை நான்தான் முதலில் புரிந்துகொண்டிருக்க வேண்டும். 2020இல் வியாழக்கிழமை தோறும் இரவு எட்டு மணிக்கு இந்த நாடே வாசலில் நின்று எங்களுக்காகக் கைதட்டியது. முதல் வாரம் கண்ணீர் வந்தது. பிறகு சம்பளப் பேச்சு வந்தபோது அந்தக் கைதட்டல் எங்கே போனது என்று கேட்டோம். 2022 டிசம்பரில் ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் வேலைநிறுத்தம் செய்தது. குளிரில் பதாகை பிடித்து நின்றவர்களில் நானும் ஒருத்தி. சேவை என்று சொல்லி எங்கள் சம்பளத்தைக் குறைக்காதீர்கள் என்று கத்தியவள், ஒரு மிருதங்கக்காரரிடம் ஊழியம் என்று சொல்லி அதையே செய்தேன். எங்களுக்குக் கைதட்டல் எப்படியோ அவருக்குப் பொன்னாடை அப்படி. அதைப் போர்த்திக்கொள்ளலாம். பெட்ரோல் போட முடியாது.

அடுத்த வாரம் நாங்கள் ஒத்திகை பார்க்கும் இடத்துக்குப் போனேன். அது ஒரு பழைய வெல்ஷ் சேப்பலின் பின்னறை. அங்கே உள்ளூர் ஆண்கள் பாடகர் குழு ஒன்றும் பாடுகிறது. அதன் பொருளாளர் ஓய்வுபெற்ற தபால்காரர். அவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் எதுவும் பேசாமல் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அந்த வருடச் செலவுப் பக்கம். முதல் வரியே பியானோ வாசிப்பவருக்கான ஊதியம். இரண்டாவது நடத்துநருக்கு. டீயும் பிஸ்கட்டும் கடைசி வரியில். "காசு குறைந்தால் கீழே இருந்துதான் வெட்டுவோம்" என்றார். எங்கள் கணக்கு நேர்மாறு. சாப்பாடு, மேடை அலங்காரம், ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினரின் பயணச் செலவு. கலைஞருக்கு வரியே கிடையாது.

அந்த அறையில் ஒரு பெரிய அலமாரி உண்டு. அன்று அதையும் திறந்து காட்டினார். உள்ளே முழுவதும் சோல்ஃபா புத்தகங்கள். நான் ஒன்றை எடுத்து ஆல்டோ வரியைப் பார்த்தவுடன் பாடினேன். மனிதர் அதிர்ந்துபோனார். எங்கள் ஊர்ச் சபையில் நான் படித்ததும் இதே சோல்ஃபாதான்.

நார்விச் நகரத்தில் சாரா குளோவர் என்ற பெண் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்க உருவாக்கிய முறையை, ஜான் கர்வென் என்ற போதகர் திருத்தி நாடெங்கும் பரப்பினார். ஐந்து கோடு வேண்டாம், சாதாரண அச்சு எழுத்தே போதும். அதனால் புத்தகம் மலிவு. சுரங்கத் தொழிலாளியும் வாங்கலாம், இரவல் வாங்கியும் படிக்கலாம். அபர்டேரில் காரடாக் என்ற பெயரில் புகழ்பெற்ற கிரிஃபித் ரீஸ் ஜோன்ஸ் கொல்லர் வேலை பார்த்தவர். அவர் நடத்திய நூற்றுக்கணக்கானோர் கொண்ட குழு 1872, 1873 இரண்டு ஆண்டுகளும் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பரிசு வென்றது. வெல்ஷ்காரர்களுக்குக் குரல்வளம் இரத்தத்திலேயே இருக்கிறது என்பார்கள். எனக்கு அந்த அலமாரியைப் பார்த்த பிறகு வேறு மாதிரித் தோன்றியது. மலிவான தாள், பொதுவான அறை, வாரம் தவறாமல் கட்டும் சந்தா. குரல் அதற்கு மேலே வளர்ந்தது.

நம்மிடம் இப்படி யாரும் இல்லையா? இருந்தார்கள். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் சித்த மருத்துவர். மருந்து விற்றும் தோட்டம் வைத்தும் சம்பாதித்தவர். 1912 முதல் சொந்தச் செலவில் இசை மாநாடுகள் நடத்தினார். வித்வான்களை வரவழைத்தார், பேச வைத்தார், வாசிக்க வைத்தார். 1917இல் வந்த கருணாமிர்த சாகரத்துக்குப் பின்னால் அந்தப் பணமும் இருக்கிறது. நாம் அவருடைய சுருதி ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுகிறோம், அவருடைய செலவுக் கணக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. டி. எம். கிருஷ்ணா 2020இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற புத்தகம் எழுதினார். மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றியது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். மேடையில் ஒலிக்கும் நாதத்துக்குத் தோலும் உழைப்பும் கொடுத்தவர்களின் பெயர் மேடையில் சொல்லப்படவில்லை. அதைப் படிக்கும்போது கிழிந்துபோன அந்த வலந்தலைதான் நினைவுக்கு வந்தது. அதைச் சரிசெய்ய எங்கள் ஊரில் ஆள் கிடையாது. ஊருக்கு அனுப்பித்தான் திரும்ப வாங்க வேண்டும். ஆக, நாம் கொடுக்க வேண்டிய பணம் வாசிப்பவரோடு நிற்பதில்லை, செய்பவர் வரைக்கும் போக வேண்டும்.

சரி, பணத்துக்கு எங்கே போவது? நாங்கள் முதலில் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தோம். திரும்பி வந்துவிட்டது. தப்பு எங்களுடையது. குழுவின் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுபவர்கள் இரண்டு பேர். ஒன்று நான், இன்னொன்று என் வீட்டுக்காரர். இங்கே சிரிப்பவர்கள் பலர் வீட்டிலும் அதே கதைதான் என்று எனக்குத் தெரியும்.

பிரிட்டனில் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்டின் 'அவார்ட்ஸ் ஃபார் ஆல்' திட்டத்தில் சிறிய குழுக்கள் 20,000 பவுண்டு வரை கேட்கலாம். ஆனால் நிர்வாகக் குழுவில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேராவது இருக்க வேண்டும். குழுவின் பெயரில் கணக்கு வேண்டும். நடந்து முடிந்த நிகழ்ச்சிக்குப் பிறகு கேட்டால் கிடைக்காது. ஆராதனைக்குக் கிடைக்காது. ஆனால் சபையோ கோவிலோ, ஊரில் எல்லோருக்கும் பயன்படும் ஒன்றைச் செய்தால் கேட்கலாம்.

குழு அறக்கொடையாக வரித்துறையிடம் பதிந்திருந்தால் 'கிஃப்ட் எய்ட்' உண்டு. வரி கட்டும் ஒருவர் ஒரு பவுண்டு நன்கொடை கொடுத்து அதற்கான படிவத்தையும் நிரப்பினால், அரசிடமிருந்து இன்னும் 25 பென்ஸ் வாங்கலாம். பத்து வருடமாக நன்கொடை வாங்கி, படிவம் வாங்காமல் விட்ட சங்கங்கள் எத்தனை! கலைஞர்களுக்கும் ஒரு சொல்: இப்படிக் கிடைக்கும் சிறு வருமானம் வருடத்துக்கு 1,000 பவுண்டு வரை வரியில்லாமல் வைத்துக்கொள்ளலாம். பயந்து மறுக்க வேண்டாம். மற்ற நாடுகளில் பெயரும் விதியும் மாறும். உங்கள் நகராட்சியின் கலைப் பிரிவில் ஒரு முறை விசாரித்துப் பாருங்கள்.

விண்ணப்பம் எழுதுவது வார்டில் ஹேண்ட்ஓவர் கொடுப்பது மாதிரிதான். நோயாளி யார், என்ன பிரச்சினை, என்ன செய்யப்போகிறோம், சரியானதா என்று எப்படித் தெரியும். கலையின் மகத்துவம், பாரம்பரியம், மூவாயிரம் ஆண்டு, இதெல்லாம் அங்கே வேண்டாம். முப்பது ஒத்திகை, ஒரு மிருதங்கக் கலைஞர், ஒத்திகைக்கு இவ்வளவு ஊதியம், கருவியைச் சரிசெய்ய இவ்வளவு, அறைக்கு வெப்பமூட்ட இவ்வளவு. இரண்டாவது தடவை அப்படி எழுதினேன். தபால்காரர் ஐயா உட்கார்ந்து திருத்திக் கொடுத்தார். கிடைத்தது.

ஆனால் உதவித்தொகை குறிப்பிட்ட காலத்துக்குத்தான் வரும். அது தீர்ந்த பிறகும் நிற்பது பகிர்ந்துகொண்டவைதான். சேப்பலில் டெனர் குரல்கள் குறைந்துவிட்டன. எங்கள் பையன்கள் இரண்டு பேர் அங்கே போய்ப் பாடுகிறார்கள். அவர்களுக்கு வெல்ஷ் தெரியாது, சோல்ஃபா தெரியும். பதிலுக்கு அறை வாடகையில்லை. அவர்களுடைய பியானோவை நாங்கள் தொடலாம், எங்கள் ஸ்பீக்கரை அவர்கள் எடுத்துப் போகலாம்.

நம் நாடுகளுக்கு இடையிலும் இதைச் செய்யலாம். 'கோரல் பப்ளிக் டொமைன் லைப்ரரி' என்ற இணையதளத்தில் காப்புரிமை முடிந்த பாடல்களின் குறிப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் கீர்த்தனைகளுக்கு அப்படி ஓர் அலமாரியை நான் இன்னும் பார்க்கவில்லை. வேதநாயக சாஸ்திரியார் 1864இல் மறைந்தவர். அவர் பாடல்களுக்குக் காப்புரிமைத் தடை கிடையாது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் யாரோ ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து அதே பாட்டுக்கு நான்கு குரல் எழுதுகிறார். பாடி முடித்ததும் தாள் குப்பைக்குப் போகிறது. எழுதியவர் அனுமதித்தால் அவர் பெயரோடு அதை ஒரே இடத்தில் சேர்த்து வைப்போம். நாங்கள் எங்களிடம் இருக்கும் பதினொன்றை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். வேண்டும் என்பவர்கள் இந்த நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் சொல்லுங்கள்.

எழுத்தாளர்களுக்கும் இது பொருந்தும். நம் நிகழ்ச்சிகளில் பேசுகிறவருக்கு, மொழிபெயர்ப்பவருக்கு, அட்டைப்படம் வரைபவருக்கு என்ன கொடுக்கிறோம்? முழுத்தொகை முடியாவிட்டால் பாதியாவது எழுதி வையுங்கள். வரவு செலவில் அந்த வரி இருக்கட்டும். ஒன்றும் கொடுக்க முடியாத வருடத்தில் அங்கே பூஜ்யம் என்று எழுதுங்கள். அந்தப் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்தால் அடுத்த வருடம் கை சும்மா இருக்காது.

கடைசியாகத் தம்பியிடம் வருகிறேன். முதல் மாத ஊதியத்தை உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றார். "கையெழுத்துப் போட்டு வாங்குங்க தம்பி, எனக்குக் கணக்குக் காட்டணும்" என்றேன். வாங்கினார். அன்று போனில் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. மிருதங்கத்தை மடியில் போட்டுச் சுருதி சேர்க்க ஆரம்பித்தார். புதுத் தோல். சரியாகச் சேர நேரம் பிடித்தது. நாங்கள் பதினான்கு பேரும் சும்மா நின்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

இந்த வருடம் அந்தப் பணம் முடிகிறது. அடுத்த விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. கிடைக்குமா என்று தெரியாது. அதனால் மாதம் ஆளுக்கு ஐந்து பவுண்டு சந்தா என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் கொடுக்கிறார்கள். மீதி இரண்டு பேர் மாணவர்கள். அவர்கள் நாற்காலி எடுத்துப் போடுகிறார்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஒன்பது மணிக்கு எனக்கு ஷிப்ட்.