வளைவுகளில் வேகத்துக்கு வரம்பு



திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வளைவுகளிலும் ஊர்களை ஊடறுத்துச் செல்லும் இடங்களிலும் வேக வரம்பைக் குறைப்பது அவசியமா என்பதே இன்று இந்தச் சபையின்முன் உள்ள விவகாரம். அவசியம் என்பதும், அந்த வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டராக இருக்க வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம். இந்த விவாதம் நடப்பதற்கு முண்டியம்பாக்கத்தைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை. 2010-ஆம் ஆண்டில் இங்கே அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் ஏற்பட்டது முதலாக, இந்த மாவட்டத்துச் சாலைகளில் எங்கே மனிதர் அடிபட்டாலும், தலைக்காயமும் எலும்பு முறிவுமாக 108 வண்டி அவர்களைக் கொண்டுவந்து இறக்கும் வாசல் நம்முடைய ஊரின் வாசலாகவே இருந்து வருகிறது. மற்ற ஊரார் பத்திரிகையில் படித்து மறந்துவிடும் செய்தியை, உறவினரின் அழுகுரலாகக் கேட்கிறவர்கள் நாம்.

அந்தச் சாலையை நீங்கள் அறிவீர்கள். பல்லாண்டுக் காலம் இழுபறியில் கிடந்து, பின்னர் அகலமாகி மெருகேறிய சாலை அது. தளம் புதிதாயிற்றே தவிர, செஞ்சியை நெருங்க நெருங்கப் பாறைக் குன்றுகளையும் ஏரிக்கரைகளையும் ஒட்டி அது வளைந்து செல்லும் சுபாவம் மாறிவிடவில்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி என்னும் குன்றுகளுக்கு நடுவே கணவாய்போல் புகுந்து வெளிப்படும் அவ்விடத்தில், நடுவே தடுப்புச் சுவரும் கிடையாது. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்குப் போகிற ஜனங்களும், அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகிற ஜனங்களும், வேன்களிலும் பேருந்துகளிலும் மோட்டார் சைக்கிள்களிலுமாக இரவு முழுவதும் செஞ்சியைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநர்களில் பலர், சுவாமி தரிசனம் முடியும்வரை கண் மூடாமலிருந்து, விடியற்காலையில் அதே தூக்கமற்ற கண்களோடு ஊர் திரும்புகிறவர்கள். முண்டியம்பாக்கத்திலும் செம்மேட்டிலும் ஆலைகள் அரவை நடத்தும் பருவத்திலோ, பின்புறம் ஒரு சிவப்பு விளக்குக்கூட இல்லாத கரும்பு டிராக்டர்கள் சாலையின் பாதியை அடைத்துக்கொண்டு இருட்டில் ஊர்ந்து போகின்றன. 2023 அக்டோபரில், இதே நெடுஞ்சாலை திருவண்ணாமலையைத் தாண்டிச் செல்லும் செங்கம் பக்கத்தில், ஒரே மாதத்தில் நேர்ந்த இரண்டு மோதல்களில், முதலாவதில் ஏழு பேரும் இரண்டாவதில் ஏழு பேருமாக உயிர்கள் போனதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த வாதத்தின் உயிர்நிலை ஒன்றே: வளைவில் ஒருவன் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதை நிர்ணயிக்க வேண்டியது அவனுடைய இயந்திரத்தின் சக்தியல்ல, அவன் கண்ணுக்கு எட்டும் தூரமே. இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள அளவுகளின்படி, மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டியை ஆபத்தைக் கண்ட பிறகு நிறுத்துவதற்கு 120 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிய வேண்டும். 60-ல் வந்தால் 80 மீட்டர் போதும். 50-ல் வந்தால் 60 மீட்டரே போதும். குன்றின் முகம் மறைக்கிற ஒரு வளைவிலே, எழுபது மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியாத இடத்திலே, 80-ல் செல்கிறவன் என்ன செய்கிறான்? எதிரே யாரும் இல்லை என்னும் நம்பிக்கையின்மீது வண்டியை ஓட்டுகிறான். அந்த நம்பிக்கை பொய்க்கும் நாளில், பிரேக்கின்மீது அவன் கால் படுவதற்குமுன் காரியம் முடிந்துவிடுகிறது. மோதலின் பலமோ வேகத்தின் வர்க்கமாகப் பெருகுவது. 50-க்கும் 80-க்கும் இடையே வேகத்தில் வித்தியாசம் ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம் என்றால், தேகத்தின்மீது வந்து விழும் அடியில் வித்தியாசம் இரண்டரை மடங்கு. எதிர்ப்புறம் வருகிறவர், பால்கேனைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் வருகிற முதியவராகவும் இருக்கலாம். அவர் இந்தப் பந்தயத்துக்குச் சம்மதம் கொடுத்தவர் அல்லர்.

எனக்குமுன் பேசிய அன்பர், வரம்பு குறைந்தால் காலம் விரயமாகும் என்றார். கணக்குப் பார்ப்போம். திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே வளைவும் ஊர்முகப்புமாக எட்டு கிலோமீட்டர் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், 80-ல் அதைக் கடக்க ஆறு நிமிஷம். 50-ல் கடக்க ஒன்பதரை நிமிஷத்துக்குச் சற்று மேல். ஏறக்குறைய மூன்றரை நிமிஷத்துக்காகத்தான் நாம் இத்தனை வாதிடுகிறோம்! ஆயினும், பேருந்து ஓட்டுகிற தோழர்களின் ஆட்சேபணையை நான் அற்பமாகக் கருதமாட்டேன். ரன்னிங் டைமை இறுக்கிக் கட்டிவிட்டு, தாமதமானால் மெமோவும் கொடுத்துவிட்டு, மெதுவாகப் போ என்று ஓட்டுநருக்கு உபதேசம் செய்வது நியாயமாகாது. ஆகவே வரம்பு குறையும் அதே நாளில் ரன்னிங் டைமும் திருத்தப்பட வேண்டும் என்பதை நம் தீர்மானத்திலேயே சேர்க்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு அன்பர், சாலை நன்றாகிவிட்டது, இந்தக் காலத்து வண்டிகளும் நுட்பம் மிக்கவை, ஆகையால் பழைய அச்சங்கள் வேண்டாம் என்றார். 2018 ஏப்ரலில் மத்திய சர்க்கார் வேக வரம்புகளை உயர்த்தி, விரைவுச்சாலைகளில் கார்களுக்கு 120 கிலோமீட்டர் வரை அனுமதித்தபோது சொல்லப்பட்ட காரணமும் இதுவே. விபத்தில் அங்கங்கள் செயலிழந்த ஒரு பல் மருத்துவரின் நஷ்டஈட்டு வழக்கைக் கேட்ட சென்னை உயர் நீதிமன்றம், 2021-ல் அந்தக் காரணத்தை ஏற்க மறுத்து, அந்த அறிவிக்கையையே ரத்துச் செய்தது. 2022-ஆம் ஆண்டில் தமிழகச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அவ்வாண்டில் நாட்டிலேயே அதிக விபத்துகள் நேர்ந்த மாநிலமும் நம்முடையதே. நாடெங்கும் நேர்ந்த சாலை மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமாகப் பதிவாயிற்று. வண்டிகளின் நுட்பம் வளர்ந்த பிறகு வந்த கணக்கு இது.

வரம்பைக் குறைத்தால் பலன் உண்டு என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் 2018 ஜூலை முதல், நடுத்தடுப்பு இல்லாத கிராமப்புறச் சாலைகளில் வரம்பை 90-லிருந்து 80-க்குக் குறைத்தார்கள். கிராமத்து ஜனங்கள் வெகுண்டெழுந்தார்கள். வேகம் பிடிக்கும் காமிராக்களை உடைத்தார்கள். பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, முந்நூறுக்கு மேற்பட்ட உயிர்கள் தப்பியிருந்தன என்றும், பிரயாணத்தில் கூடிய நேரம் கிலோமீட்டருக்கு ஒரு விநாடியே என்றும் தெரிய வந்தது.

பலகை நட்டுவிட்டால் மட்டும் வேகம் குறைந்துவிடாது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். நம் ஊர்களில் ஒரு சாவு விழுந்ததும் சாலைமறியல் செய்து, மறுநாளே வர்ணமும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத வேகத்தடை ஒன்றை எழுப்பிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. இரவில் அதுவே இன்னொரு குடும்பத்துக்கு எமனாகிறது. வேண்டியது அதுவன்று. வளைவுக்கு நெடுந்தூரம் முன்னதாகவே வரம்பைச் சொல்லும் பலகை, வளைவின் போக்கைக் காட்டும் அம்புக்குறித் தகடுகள், சராசரி வேகத்தைக் கணிக்கும் காமிரா, கரும்பு வண்டிகளுக்குப் பின்புறம் ஒளிரும் பட்டை ஆகியவையெல்லாம் ஒருங்கே வர வேண்டும்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, பொதுஜனப் பாதுகாப்பை முன்னிட்டோ, ஒரு சாலையின் தன்மையை முன்னிட்டோ, அங்கே வரம்பைக் குறைக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கு அளித்திருக்கிறது. கேட்பவர்கள் இல்லாததுதான் குறை. ஆதலால், இந்தச் சபையில் இருக்கும் ஒவ்வொருவரும், மாற்றுக் கருத்துச் சொன்ன அன்பர்கள் உள்பட, இத்தீர்மானத்தில் கையொப்பமிட்டு, மாவட்ட ஆட்சியர் தலைமையிலுள்ள சாலைப் பாதுகாப்புக் குழுவின்முன் அதைக் கொண்டுபோய் வைக்க நம்மோடு வரவேண்டுமென்று இரு கரம் கூப்பி வேண்டிக்கொள்கிறேன்.