மாவு தயாரா இருக்கட்டும்!



காற்று, சூரிய மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்க ஒரே பெரிய ஆலையா, படிப்படியாகவா? எதிரணித் தலைவர், "ஒரே அடியா பெருசா போடு"ன்னுட்டார். மழை நம்ம பேச்சைக் கேட்குமா ஐயா?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்டாங்க, அடையாறு வீட்டுக்குள்ள வந்தது. 2019-ல் அதே ஏரி வறண்டு கிடந்தது! ஜோலார்பேட்டையிலிருந்து நடைக்கு 25 லட்சம் லிட்டர் தண்ணி ரயில்ல வந்தது. ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் டாட்டா காட்டிட்டு வில்லிவாக்கத்துல போய் நின்னுது! (சிரிப்பு)

ஆஸ்திரேலியாவிலே மெல்போர்ன் நகரம். பஞ்சத்தைப் பார்த்துப் பயந்து பெரிய ஆலை கட்டினாங்க. 2012-ல் முடியறதுக்குள்ள மழை வந்துடுச்சு. 2017 வரை அந்தத் தண்ணி ஊருக்குத் தேவைப்படவில்லை. பணம் மட்டும் வருஷா வருஷம் கட்டினாங்க. கல்யாணம் நின்னுபோச்சு, மண்டப வாடகை நிக்கல! (கைதட்டல்)

அப்போ கட்டவே வேண்டாமா? 2019 திரும்பி வந்தா என்ன செய்யறது? நம்ம தாய்மார்களைக் கேளுங்க. விருந்தாளி பத்து பேரா, இருபது பேரா, தெரியாது. இருபது பேருக்கும் தோசை வார்த்து அடுக்கி வைப்பாங்களா? மாவை அரைச்சு வெச்சுட்டு, ஆள் வர வர வார்ப்பாங்க. இடமும் கடல் குழாயும் மாவு. சுத்திகரிக்கும் இயந்திரம் தோசை! நெம்மேலியில் 2013-ல் தினம் 10 கோடி லிட்டர் ஆலை. 2024-ல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டர் ஆலை. படிப்படியா நடக்குதே!

மின்சாரம்? ஆயிரம் லிட்டருக்கு மூணு, நாலு யூனிட் வேணும். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும், ஆரல்வாய்மொழி காற்றாலையும் சுத்தும். ஐப்பசியில? சூரியனோ சாயங்காலமே வீட்டுக்குப் போயிடுவார். நிறுத்தி நிறுத்தி ஓட்டினா போட்ட முதலுக்குக் கட்டாது. ரெண்டையும் கலந்து மின்வாரியக் கம்பி வழியா எடுக்கணும். பெர்த் நகரம் 2006-ல் காற்று மின்சாரத்தைக் கம்பி வழியாத்தான் எடுத்தது. ஆலை கடலோரம், காற்றாலை வேற இடத்தில்.

அதற்கும் முன்னால ஒன்று. கோயம்பேட்டில் 2019 முதல் கழிவுநீரைச் சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புறாங்க. தினம் 4.5 கோடி லிட்டர் திறன். மழை பொய்க்கலாம், சாக்கடை பொய்க்காது! (சிரிப்பு) தொழிற்சாலைக்கு அது போனா, ஏரித் தண்ணி பூந்தமல்லிக் குடத்துக்கு மிஞ்சும்.

மழை வந்தாலும் நஷ்டமில்லை, வராவிட்டாலும் தாகமில்லை. அதுதான் நல்ல திட்டம். ஆகவே படிப்படியே என்று தீர்ப்பளியுங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.