பதுளைக் கடைத்தெருவில் ஒரு மாலைப்பொழுது

பிரயாணிகள் கோயிலையும் கோட்டையையும் மட்டும் பார்த்துத் திரும்பிய காலம் மாறிவிட்டது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு மாலையிலே கடைத்தெருவில் நடந்து, அவ்வூரார் உண்பதைத் தாமும் உண்டு பார்ப்பது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. தென் தாய்லாந்தின் புக்கெட் நகரில் அவ்வாறு நடப்போர், மாவை வீசி மெல்லிதாக்கிக் கல்லிலே சுடுவதைக் காண்கிறார்கள். அப்பண்டத்தின் பெயர் அங்கும் ரொட்டிதான்! இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றோரின் அடிச்சுவடு அது.

அப்படிக் கடல் கடந்தோருள் மற்றொரு சாரார் இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தனர். அவர்களுடைய கதையை உணவின் வழியே அறிய விரும்புவோர்க்குப் பதுளையின் மாலைப்பொழுதே போதும்.

கொழும்பிலிருந்து புறப்பட்டு மலையேறும் இருப்புப்பாதை 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டி, அங்கேயே முடிவுற்றது. புகைவண்டியை விட்டு இறங்கிக் கடைத்தெருவை அடைபவரை முதலில் வரவேற்பது எண்ணெய்ச் சட்டியின் மணம். உளுந்து வடையும் பருப்பு வடையும் கண்ணாடிப் பெட்டிகளில் குவிந்திருக்கும். செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் சேர்த்துத் தாளித்த கடலை காகிதச் சுருளில் கைக்கு வரும். சற்று அப்பால், வீச்சு ரொட்டியை இரும்புத் தகடுகளால் கொத்தும் ஓசை தாளம் போலக் கேட்கும். வெளியூரார் மனத்தைக் கவர்வது இந்தக் கொத்து ரொட்டியே. ஆயினும் பதுளையின் கதையைச் சொல்லும் பண்டம் இதுவன்று.

அது தோட்டத்து ரொட்டி. கோதுமை மாவும் தேங்காய்ப்பூவும் உப்பும் சேர்த்துப் பிசைந்து, கையாலே தடிப்பாகத் தட்டிச் சுட்டது. துணைக்கு இடித்த சம்பல், ஒரு கோப்பை வெறுந்தேநீர், அவ்வளவே.

இந்த ரொட்டி மலைநாட்டுக்கு வந்தவர்கள் தம்மோடு கொண்டுவந்த உணவன்று. அவர்கள் சோறுண்டவர்கள். தோட்டங்களில் அவர்களுக்கு அரிசியே வழங்கப்பட்டது. இலங்கை அந்நாளில் பெரிதும் பர்மா அரிசியை நம்பியிருந்தது. 1942ஆம் ஆண்டில் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் அந்த அரிசி நின்றது. பங்கீட்டிலே கோதுமை மா லயன்களுக்குள் நுழைந்தது. யுத்தம் முடிந்தது, மா மட்டும் திரும்பிப் போகவில்லை. விடியுமுன் சுட்டுக் கட்டிக்கொண்டு மலையேறவும், நண்பகல்வரை பசி தாங்கவும் அது உதவிற்று. பஞ்சத்துக்கு வந்த உணவு பழக்கமாயிற்று. அதனாலேதான் 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் மாவின் விலை பன்மடங்கு ஏறியபோது, தோட்டத்து அடுப்புகள் கடுமையாகத் தாக்குண்டன.

தேநீருக்கும் இவ்வாறே ஒரு கதை உண்டு. ஜூலை முதல் செப்தம்பர் வரை வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருகிறது. அம்மணம் உலகச் சந்தைக்குச் செல்கிறது; கொழுந்து பறித்தவர் வீட்டுக் கோப்பையில் பெரும்பாலும் தேயிலைத் தூளே கரைகிறது.

பதுளையின் தெருக்களில் வெளியூராரை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள், கொத்து ரொட்டியின் தாளத்தோடு நின்றுவிடலாகாது. தடித்த ரொட்டியொன்றை அவர்கள் கையில் கொடுத்து, அது எவ்வாறு அங்கே வந்தது என்பதையும் சொல்லவேண்டும். உண்டவர் ருசியை மறந்தாலும், சுட்டவரை மறவாதிருக்க அது உதவும்.