பந்தற்காரரின் எண்ணூறு ரூபாய்

(ஆண்டு விழாவில் செயற்குழுவின் சார்பில் நிகழ்த்திய உரை)



இசைக்கும் நாடகத்திற்கும் நடுவே வருமானவரியைப் பற்றிப் பேச வந்த எங்களைப் பொறுத்தருள வேண்டுகிறோம். வரவு செலவைப் படித்துவிட்டு அமர்வதே வழக்கம். இவ்வாண்டு ஒரு பிழையையும் சொல்லியாக வேண்டும்.

2023ஆம் ஆண்டுப் பொங்கல் விழாவிற்குப் பந்தலும் மேடையும் அமைத்தவர் நம் தில்லிக் குடியிருப்பில் பலர்க்கும் பழகியவரே. பேசிய தொகை 80,000 ரூபாய். நூற்றுக்கு ஒன்றாக 800 ரூபாயை வரிக்கெனப் பிடித்துக்கொண்டு எஞ்சியதைக் கொடுத்தோம். பிடித்ததை அடுத்த திங்கள் 7ஆம் நாளுக்குள் அரசுக்குச் செலுத்தியும் விட்டோம். கடமை முடிந்ததென்றே எண்ணியிருந்தோம். ஜூலைத் திங்களில் அவர் வந்து, "என் கணக்கில் அந்தப் பணத்தைக் காணோமே, ஐயா" என்று நின்றார்.

பணத்தைச் செலுத்தினால் மட்டும் போதாது. இன்னார்க்குக் கொடுத்தோம், இவ்வளவு பிடித்தோம் என்று அவருடைய பான் எண்ணோடு மூன்று திங்களுக்கொருமுறை அறிக்கை அனுப்புதல் வேண்டும். அதன் பின்னரே அத்தொகை அவர் பெயரில் வரவாகும். மே 31க்குள் அனுப்ப வேண்டிய அறிக்கையை நாங்கள் அனுப்பவில்லை. அவர் வருமானமோ வரி விதிக்கும் அளவிற்கு உயர்ந்ததன்று. 800 ரூபாயும் அவர் திரும்பப் பெற வேண்டியது. அரசு கேளாத வரியை ஓர் உழைப்பாளியிடம் நாங்களே வாங்கியது போலாயிற்று.

தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 200 ரூபாய். பிடித்த வரியை அது மிஞ்சலாகாது என்பதால் நான்கே நாளில் 800ஐ எட்டி நின்றுவிட்டது. சங்கப் பணத்தைத் தொடாமல் செயற்குழுவினரே அதைக் கட்டினோம். அறிக்கையும் சென்றது, அவர்க்குப் பணமும் கிடைத்தது.

தமிழ்ச் சங்கத்திற்கு இந்த வேலை ஏன் என்று சிலர் வினவினர். 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தில் 1972இல் புகுந்த 194-சி பிரிவு, நாளடைவில் பதிவு பெற்ற சங்கங்களையும் தன்னுள் அடக்கிக் கொண்டது. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண் மாறிற்று, கடமை மாறவில்லை. ஒருமுறை கொடுப்பது 30,000 ரூபாயைத் தாண்டினாலும், ஆண்டு முழுவதும் ஒருவர்க்குக் கொடுப்பது ஒரு லட்சத்தைத் தாண்டினாலும் பிடித்தம் உண்டு. தனி மனிதர் அல்லாத நிறுவனமாயின் நூற்றுக்கு இரண்டு. பான் எண் தராதவர்க்கு இருபது! ரசீதைத் துண்டு துண்டாக எழுதி வாங்கலாமே என்ற யோசனையும் வந்தது. நாங்கள் இசையவில்லை.

இல்லத்துத் திருமணத்திற்குப் பந்தலிடுவோர் அஞ்ச வேண்டா. ஒருவர்க்கே ஆண்டில் 50 லட்சத்திற்கு மேல் கொடுத்தாலன்றி அவர்கட்கு இக்கவலை இல்லை.

இன்றைய விருந்திற்குச் சமையற்காரரிடம் 1,20,000 ரூபாய் பேசியிருக்கிறோம். விருந்து சமைத்தலும் இவ்விதிக்கு உட்பட்டதே. 1,200 ரூபாய் பிடிப்போம். அவர் இப்போது பாயசத்தைக் கிளறிக்கொண்டிருக்கிறார். பந்தி முடிந்ததும் பான் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்வோம்.