மல்லிகைக்குப் பொழுது தெரியும்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



காரைக்குடி வட்டாரத்திலே மல்லிகை போட்டிருக்கிறவங்க என்னைப் பார்த்தா கேட்கிற கேள்வி ஒண்ணு உண்டு. "விடியக்காலம் பறிக்கிறப்போ மொட்டுல வாசனையே காணோம். பொழுது சாய்ஞ்சா மட்டும் எங்கேயிருந்துங்க வருது?" நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தெரிந்தால் மொட்டைப் பார்த்துப் பறிக்கிற பக்குவமும் தெரியும்.

மல்லிகை வாசனை, குப்பியிலே அடைச்சு வச்ச அத்தர் மாதிரி மொட்டுக்குள்ளே காத்துக்கிட்டு இருப்பதில்லை. மொட்டு விரிகிற நேரத்தை ஒட்டித்தான் இதழ்கள் பெரும்பாலும் அதைத் தயாரித்து வெளியே விடுகின்றன. பறித்த பிறகும் மொட்டுக்கு உயிர் இருக்கு. அதனால்தான் காலையிலே கூடையிலே போன மொட்டு, ராத்திரி ஆச்சிமார் கொண்டையிலே மலர்ந்து மணக்குது.

பொழுது சாய்ந்தது செடிக்கு எப்படித் தெரியும்? இருட்டைப் பார்த்து மட்டும் இல்லீங்க. ராத்திரி ராணிப் பூவை, வெளிச்சம் மாறாத நிலையில் வைத்தும் அது முறை தவறாமல் விரிந்து மணத்ததை 1960-லேயே ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

அந்தக் கடிகாரம் வாசனையை எப்படிப் பிடித்து விடுகிறது என்பதை 2015-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பெட்டூனியாச் செடியில் காட்டினார்கள். அழகுக்கு வளர்க்கிற பூச்செடி அது, ராத்திரியில்தான் மணக்கும். அதிலே எல்.எச்.ஒய். என்று ஒரு மரபணு. நம்ம கண்மாய் மடைக்காரர் மாதிரின்னு வச்சுக்குங்களேன். காலையிலே அதன் வேலை மும்முரமாக இருக்கும். வாசனை மடையை அடைத்து வைக்கும். சாயங்காலம் அது தணிந்ததும், ஓடோரன்ட் 1 என்ற இன்னொரு மரபணு தலையெடுத்து, வாசனைச் சரக்கு தயாரிக்கிற வேலையை முடுக்கி விடுகிறது. முதல் மரபணுவை நாள் பூராவும் ஓயாமல் வேலை செய்ய வைத்தபோது வாசனை ஏறக்குறைய நின்றே போனது. அதைக் குறைத்தபோது, ராத்திரி வர வேண்டிய வாசனை முன்கூட்டியே வந்துவிட்டது!

ஏன் இந்தக் கட்டுப்பாடு? வாசனை தயாரிக்கச் செடிக்குச் செலவு பிடிக்கும். பெட்டூனியாவைத் தேடி வருவது ராத்திரி பறக்கிற அந்துப்பூச்சி. சந்தை கூடாத நாளில் கடை விரிப்பாங்களா?

இப்போ நம்ம தோட்டத்துக்கு வருவோம். ராமநாதபுரம் குண்டுமல்லி ஆனாலும் சரி, வேறு மல்லி ஆனாலும் சரி, பால் வெள்ளையாகத் திரண்ட, விரியாத மொட்டைச் சூரியன் கிளம்புறதுக்கு முன்னே பறிச்சிடுங்க. பச்சை படர்ந்த மொட்டு நாளைக்கோ மறுநாளோ பூக்க வேண்டியது. எடை கூடட்டும்னு அதையும் சேர்த்துப் பறித்தால் அது சரியா விரியாது, மணக்கவும் மணக்காது. வாங்கினவங்க ராத்திரி பார்த்துட்டு மறுநாள் பேசுவாங்க. அந்தப் பேச்சு உங்க விலையிலேதான் விடியும். பக்கத்து மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கு. அந்தப் பேர் வாசனைக்கு வந்த பேருங்க.

சீனாவிலே மல்லிகைத் தேயிலை செய்கிறவர்கள் மொட்டைப் பகலில் பறித்து, ராத்திரி அது விரியும்போது தேயிலையோடு கலந்து வைக்கிறார்கள். பூ விடுகிற வாசனையைத் தேயிலை பிடித்துக்கொள்கிறது. இதே கணக்குத்தான்.

வெளியூருக்கு அனுப்புறவங்க பெட்டியிலே ஐஸ் வைக்கிறதும் சும்மா இல்லை. குளிர்ச்சியிலே மொட்டு விரிவது தாமதப்படும். ஆனால் ஐஸ் நேரே பூவிலே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாசனைத் தைலத் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறதா இருந்தா கதை வேறே. அங்கே மொட்டு ஆகாது. நல்லா விரிந்த புதுப்பூதான் வேணும். ஆகவே யாருக்குக் கொடுக்கப்போறோம்னு முதல் நாளே பேசி முடிச்சுட்டு, அதுக்கப்புறம் பறிக்கிற ஆளுக்குச் சொல்லுங்க.