குழந்தையின் ஜுரமும் தாதியர் பயிற்சியும்

(புதுமடம் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்க்கான பிரசங்கம்)



தவணை நாள் வருமுன்னரே பணத்திற்கு வழி தேடிக்கொள்ள வேண்டுமென்பது சங்கத்தார் யாவரும் அறிந்த பாடம். குழந்தையின் ஜுர விஷயத்திலும் அப்பாடமே பொருந்தும். தகப்பன் கடலிலோ அயல்நாட்டிலோ இருக்க, நடுநிசியில் குழந்தையின் உடல் கொதித்தால், தாய் யாரைக் கேட்டுத் தீர்மானிப்பாள்?

இக்குறையை நீக்கவே கிராமத் தாதியர்க்கும் அங்கன்வாடிப் பணியாளர்க்கும் பயிற்சி ஏற்பட்டது. 1990-களில் உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் வகுத்த முறையை இந்தியா தழுவி, பிறந்த சிசுக்களையும் அதில் சேர்த்தது. பயிற்சிக் காலம் 8 நாட்கள்.

தாதி முதலில் உஷ்ணத்தின் அளவை மாத்திரம் பார்ப்பதில்லை. குழந்தை பால் குடிக்கிறதா, உண்டதையெல்லாம் வாந்தியெடுக்கிறதா, வலிப்புக் கண்டதா, விழிக்காமல் மயங்கிக் கிடக்கிறதா என்று விசாரிக்கிறாள். இவற்றில் ஒன்று இருப்பினும் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறாள். பின்னர் ஒரு நிமிஷம் முழுதும் சுவாசத்தை எண்ணுகிறாள். 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50-ம், அதன்மேல் 5 வயது வரை 40-ம் எட்டினால் அது வேக சுவாசம். நெஞ்சுச் சளிக் காய்ச்சலின் குறியாகலாம். 2 மாதத்திற்குட்பட்ட சிசுவுக்கு ஜுரம் கண்டாலோ தாமதமே கூடாது. மலேரியா நெடுங்காலமாய் அறிந்த இக்கரையில் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

பாராசிட்டமால் மருந்தைக் குழந்தையின் எடையறிந்தே கொடுக்க வேண்டும், ஆஸ்பிரின் கொடுக்கலாகாது. கம்பளி போர்த்திப் புழுங்கவைப்பது தவறு. தாய்ப்பாலை நிறுத்துவது அதனினும் தவறு. வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதால் பயனில்லை; பக்கவாட்டில் படுக்கவைத்து, வாயில் எதையும் இடாதிருப்பதே முறை.

சங்கம் செய்யத்தக்கவை மூன்று. தாதியை அழைத்துத் தாய்மார் கூட்டத்தில் சுவாசம் எண்ணும் முறையைக் காட்டச் செய்தல் ஒன்று. உஷ்ணமானியொன்று வாங்கித் தெருவில் யாவரும் அறிந்த வீட்டில் வைத்தல் மற்றொன்று. கணவன் திரும்பும்வரை காத்திராமல் தாயே புறப்படலாமென்று ஒவ்வொரு குடும்பமும் முன்கூட்டித் தீர்மானித்தல் மூன்றாவது, இதுவே தலையாயது. 2008 முதல் தமிழ்நாட்டில் 108-க்குச் சொன்னால் கட்டணமின்றி வாகனம் வருகிறது. வாகனம் இருந்தும் தீர்மானம் இல்லாவிடில் யாது பயன்?

காற்று மாறுமுன் பாயைச் சுருக்குபவனே தேர்ந்த மாலுமி. அவ்வெச்சரிக்கை வீட்டிலும் விளங்குமாக.